எல்லம்மாவின் கோட்டு

நாற்பத்தொரு வருடம் உடம்பு உள்ளவர்களுக்குத் தைத்தேன். அதன்பிறகு இரண்டு வருடம் உடம்பே இல்லாதவர்களுக்குத் தைத்தேன். குறை சொல்கிறவர்கள் இரண்டாவது வேலையில்தான் அதிகம்.

எல்லம்மாவைப் பற்றிப் பேச முதன்முதலில் கூடிய அன்று, வைட்ஃபீல்ட் ஆபீசின் நான்காம் மாடி அறையில் இருந்தவர்கள்: உடைகளை வடிவமைக்கும் நிவேதா மேடம், கம்ப்யூட்டருக்குள் துணியை அசைய வைக்கும் கிரண், எல்லோருக்கும் மேலே இருக்கும் அஷ்வின் சார், பணம் போடும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து திரையில் முகம் காட்டிய இருவர், ஓரத்து நாற்காலியில் நான். ஆறு பேர். தலையில்லாத தையல் பொம்மை ஒன்றும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லம்மாவும் இல்லை. அவளுக்கு அப்போது முகமே வரைந்திருக்கவில்லை.

எல்லம்மா, அவர்கள் செய்யவிருந்த வீடியோ கேமின் நாயகி. ஓயாத மழையில் ஒரு நகரம் மூழ்குகிறது. எந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த ஒரே ஆள், தெரு கூட்டுகிற எல்லம்மா. அவள்தான் ஜனங்களை மேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். இது நிவேதா மேடத்தின் யோசனை. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். விளையாடிப் பார்க்க இருபத்துநான்கு பேரை வரவழைக்க வேண்டும். எல்லம்மாவை நம்ப முடிகிறதா இல்லையா என்று அவர்களிடம் பேர் போடாத சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பதினாறு பேராவது நம்ப வேண்டும். மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் தவறினால் எல்லம்மா போய் வேறு யாராவது ஒரு வீரன் வருவான். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த நிவேதா மேடமும் அவளோடு போக வேண்டியதுதான். சீட்டு எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அந்த ஆபீசில் விரல் விட்டு எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் இருக்கலாம்.

பதினோரு பெல்ட்

அங்கே ஒரு தையல்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நான் பிரேசர் டவுனில் பேண்டு வாத்தியக்காரர்கள், ஸ்கூல் பிள்ளைகள், ஓட்டல் வாசலில் நிற்பவர்கள் என்று யூனிஃபார்ம் தைத்தவன். ஏழாம் வகுப்பு வரை படிப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனில் வாடகைக்கு இருந்த நிவேதா மேடம் ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வந்தவர், நான் காகிதத்தில் வெட்டி ஆணியில் மாட்டியிருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு என்னைக் கூட்டிப்போனார். கம்ப்யூட்டரிலும் துணியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தைக்கிறார்கள்: முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, காலர் ஒன்று. நான் நிஜத்தில் ஒன்றைத் தைத்துக் காட்டுவேன். சரி என்றால் அதைப் பிரித்து மேசையில் பரப்புவேன். கிரண் ஒவ்வொரு துண்டாகப் படம் பிடித்து உள்ளே ஏற்றிக்கொள்வான்.

எனக்கு வந்த முதல் ஆள், வேறொரு கேமில் ஒரு ராஜாவின் காவல்காரன். படத்தில் அவனுக்குப் பதினோரு பெல்ட். இடுப்பில் நாலு, மார்பில் குறுக்கும் நெடுக்குமாக நாலு, தொடைக்கு ஒன்றாக இரண்டு, கழுத்தில் ஒன்று. அதில் எதையும் தாங்காதவை ஏழு. இரண்டு நாள் கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். எனக்கு வாய் வராது. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்க வந்த கிரணிடம் மெதுவாகக் கேட்டேன்: தொடையில் இவ்வளவு இறுக்கமாகக் கட்டினால் இவன் எப்படி உட்காருவான், கால் மரத்துப்போகாதா? கிரண் சிரிக்கவில்லை, நல்ல பையன். பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னான்: "உக்கார மாட்டான் மாஸ்டர். உக்கார்ற மூவ்மெண்டே நாங்க செய்யல."

வாசல் இல்லாத உடை

எல்லம்மாவுக்கு அஷ்வின் சார் முதலில் ஒரு படம் காட்டினார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. தோளில் ஒரு துடைப்பம் வாள் மாதிரி நின்றது. நிவேதா மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் படத்தை முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். பட்டன் இல்லை, காஜா இல்லை, ஜிப் இல்லை, பக்கத்தில் நாடா இல்லை. கழுத்து வட்டம் பன்னிரண்டு அங்குலம்கூட வராது. தலை நுழையாது.

அந்த அறையில் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். இதை எந்த வழியாகப் போட்டுக்கொள்வாள் சார் என்று கேட்டுவிட்டேன். திரையில் இருந்த இருவருக்கும் அஷ்வின் சார் அதை இங்கிலீஷில் சொல்ல, அவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அஷ்வின் சார் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "அவ எங்க மாஸ்டர் போட்டுக்கிறா? பிறந்ததிலேர்ந்து போட்டபடியேதான் இருக்கா."

ஒரே அளவு

நிவேதா மேடம் அந்தக் கறுப்பு உடையை எப்படியோ தள்ளிவிட்டார். புடவை, அதன்மேல் பச்சைக் கோட்டு, வேலைக்குப் போகிற பெண்கள் போடுகிற மாதிரியே போடலாம் என்று முடிவாயிற்று. எங்கள் தெருவைக் கூட்டுகிற முனியம்மாவிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடமாகப் பழக்கம், ஒரு நாளும் அவர் உடையைக் கவனித்ததில்லை; யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்தார். பெண்களுக்கு நான் உடம்பில் அளவெடுப்பதில்லை, அளவு ஜாக்கெட் வாங்கிக்கொள்வேன். முனியம்மாவிடம் அளவுக்குக் கொடுக்க, அவருக்குப் பொருந்திய கோட்டு ஒன்றும் இல்லை. அதனால் நாடாவை அவரே பிடித்துக்கொண்டார், நான் தள்ளி நின்று எண்ணைப் படித்து எழுதினேன். தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, கை இருபது.

நாடாவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளவு எதுக்கு டைலரண்ணா? எல்லாம் ஒரே அளவுல மூட்டையா வரும். யாரு மேல விழுதோ, அது அவ கோட்டு."

முதல் சீட்டுகள்

அந்த அளவுக்கு முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தேன். பிறகு பச்சைத் துணியில் இரண்டு. நிஜப் பச்சை திரையில் பொம்மைச் சட்டை மாதிரித் தெரிகிறது என்று கிரண் சொன்னதால் துணியைச் சாயக்காரரிடம் கொடுத்து இரண்டு மடங்கு கருக்கச் செய்தோம். தோள் தையல் தோள்முனையில் உட்கார்ந்தது. அக்குளில் ஒரு சுருக்கம் இல்லை. ஆறு பட்டனும் ஒரே கோட்டில் நின்றன. ஒன்றைப் பிரித்தோம், கிரண் உள்ளே ஏற்றினான். அந்தக் கோட்டோடு எல்லம்மா மழையில் ஓடியதைப் பார்த்தபோது, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை இருபத்துநான்கு பேர் வந்தார்கள், விளையாடினார்கள், சீட்டு எழுதினார்கள். நம்பினேன் என்று எழுதியவர்கள் ஏழு. நம்பவில்லை பதினேழு. அந்தப் பதினேழில் பதினொன்று கோட்டைப் பற்றியே பேசியது. ஒருவர், இவர் தெரு கூட்டுகிறவரா விமானத்தில் சாப்பாடு கொடுக்கிறவரா என்று கேட்டிருந்தார். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். மூட்டையில் வருகிற கோட்டை நான் நாற்பது வருடப் பழக்கத்தில் ஆளுக்கு அளவாகத் தைத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்காமலே தைத்தேன். கை அப்படிப் பழகிவிட்டது. உங்களுக்கும் உங்கள் வேலையில் இப்படி ஒன்று நடந்திருக்கும், நன்றாகச் செய்ததாலேயே கெட்டுப்போன காரியம். நிவேதா மேடம் கோபப்படவில்லை. சீட்டுகளை வாங்கிப் படித்துவிட்டு, கடையில் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்: "மாஸ்டர், உங்களால தப்பாத் தைக்க முடியுமா?"

தப்பாகத் தைப்பது

முனியம்மா தன் கோட்டை ஒரு ஞாயிறு மத்தியானம் முதல் சாயங்காலம் வரை கொடுத்தார். இன்னொன்று இல்லை, அதற்குமேல் கொடுக்க முடியாது. மேசையில் விரித்து எல்லாவற்றையும் குறித்தேன். தோள் தையல் இரண்டு அங்குலம் கையில் இறங்கியிருந்தது. கை நாலு அங்குலம் அதிகம். ஆறு பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் நாலு; அந்த நாலில் இரண்டு வேறு யாருடைய சட்டையிலிருந்தோ வந்தவை. இதற்கென்று நிவேதா மேடம் வரைந்திருந்த படத்தில் கிழிசலெல்லாம் முன்பக்கத்தில் இருந்தது. இதில் முன்னால் ஒன்றுகூட இல்லை, முதுகில் மூன்று. லாரித் தகட்டில் சாய்ந்துகொண்டு கூடையை மேலே தூக்கித் தருவதால் முதுகுதான் தேயும் என்றார் முனியம்மா.

சரியான கோட்டு எனக்கு ஒரு நாள் வேலை. இது நாலு நாள் பிடித்தது. கத்தரி தானாகச் சரியான கோட்டிலேயே போகும். அதை இழுத்துத் தப்பான கோட்டில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு தைத்தேன். அடுத்த ஞாயிறு முனியம்மாவிடம் காட்டினேன். அவர் தன் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, கிழிசலை எண்ணி, பட்டனைத் தொட்டு, உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அச்சாக இருந்தது. பாராட்டுவார் என்று நினைத்து நின்றேன். "இந்த மாதிரி ஒண்ணு இருக்கிறது போதாதாண்ணா? இன்னொண்ணு வேற தெச்சீங்களா?"

இரண்டாம் சீட்டுகள்

இந்தத் தடவை ஐந்து பேர் நம்பினார்கள், பத்தொன்பது பேர் நம்பவில்லை. முதல் தடவையைவிட இரண்டு குறைவு. இரண்டு முறை எண்ணினேன்.

கிரண் எனக்கு விளக்கினான். கேம்களில் துணி உடம்பை விட்டுத் தள்ளி நின்றால் அது தன்னைப் போன்றவர்கள் செய்த பிழை என்றுதான் ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி ஆயிரம் பார்த்திருப்பார்கள். தோள் இறங்கியதும், கை விரலை மூடியதும் அவர்கள் கண்ணுக்கு மெஷின் கோளாறு. "நிஜம் இருக்கு இல்ல மாஸ்டர், அது திரையில வந்தா ரிப்பேர் மாதிரித் தெரியுது, ஏன் மாடோது?" என்றான். என்ன செய்ய முடியும் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் கொஞ்சம் துக்கம் குறையும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. பத்தொன்பதில் பதினாலு சீட்டு அவன் சொன்ன மாதிரியேதான் இருந்தது. கடைசியாக நான் பிரித்த சீட்டில் கையெழுத்து மணிமணியாக இருந்தது: "கோட்டு உடம்பில் உட்காரவில்லை. அடுத்த அப்டேட்டில் சரி செய்யவும்."

மாடிப்படி

கேன்டீனில் எல்லோருக்கும் நடுவே சாப்பிட எனக்குக் கூச்சம். நெருப்புப் பிடித்தால் இறங்குவதற்கென்று பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. அங்கே உட்கார்ந்து என் டப்பாவைச் சாப்பிடுவேன். நிவேதா மேடமும் சில நாள் வருவார். நடுவில் மூன்று படி விட்டு உட்காருவோம். பேச்சு அதிகம் இருக்காது. இரண்டாம் சோதனைக்கு அடுத்த வேலை நாள் அவர் டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று வருடத்தில் இது அவருக்கு மூன்றாவது கம்பெனி என்றார். இரண்டில் கேம் பாதியில் நின்றுபோய் அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனி கிடைக்காமல் போகாது, ஆனால் எல்லம்மா கிடைக்க மாட்டாள் என்றார்.

எல்லம்மாவின் முகத்தை அப்போது வரைந்து முடித்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும், இடது புருவத்தில் ஒரு வெட்டு. அது யார் முகம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். ஓசூரில் அவர் அம்மா இருபத்தாறு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கியவர். இப்போது முட்டி வலியில் வீட்டோடு இருக்கிறார். நான் டப்பாவை மூடி வைத்தேன். அவர் படியைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "ஸ்கூல் கேட்டுக்கு வர்றப்ப கோட்டக் கழட்டிட்டு வாம்மான்னு சொல்லுவேன் மாஸ்டர். கழட்டி, மடிச்சு, பைக்குள்ள வெச்சிட்டு வரும்."

கயிறு

அடுத்த வாரம் நிவேதா மேடம் ஒரு யோசனையோடு வந்தார். கோட்டு பெரிது என்றால் போதாது, பெரிதாக இருப்பது எல்லம்மாவுக்கே தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவள் ஏதாவது செய்திருக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்கள் கோளாறு என்று நினைக்க மாட்டார்கள். கையை இரண்டு மடிப்பு மடிக்கச் சொன்னார். இடுப்பில் சணல் கயிறு ஒன்றைக் கட்டி, முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிடச் சொன்னார். எனக்கே அது சரி என்று பட்டது. மூன்று தைத்தேன். ஒன்றைப் பிரித்து ஏற்றினோம். எல்லம்மா ஓடும்போது தொங்குகிற முனை அடித்துக்கொண்டு ஆடியது. கிரணுக்கு அதை அசைய வைப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

முனியம்மாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவர் கயிற்றைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "இதை யாருண்ணா கட்டச் சொன்னது?" அவர்களோடு வேலை பார்த்த சரோஜா, கோட்டு ஆடாமல் இருக்க இடுப்பில் ஒரு துணியைச் சுற்றி முடிந்திருந்தாளாம். முனை தொங்கியது. குப்பையை அழுத்துகிற லாரியில் அது மாட்டி இழுத்தது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அன்றிலிருந்து ஒரு நூல் தொங்கினாலும் சூப்பர்வைசர்கள் லாரிப் பக்கம் விடமாட்டார்கள். இவர்களும் போக மாட்டார்கள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கோட்டு தொளதொளவென்றே இருக்கும், யாரும் எதையும் கட்ட மாட்டார்கள்.

மறுநாள் இதை நிவேதா மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று மெட்ரோவில் போகும்போது யோசித்ததும் உண்மை. அவர் பொம்மையின் இடுப்பில் இருந்த கயிற்றின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். சோதனைக்கு நாலு நாள் இருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கேம்ல லாரி இல்ல மாஸ்டர்."

மூன்றாம் சீட்டுகள்

பதினெட்டு பேர் நம்பினார்கள். ஆறு பேர் நம்பவில்லை. பதினாறுக்கு மேலே இரண்டு. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதே. அஷ்வின் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரண் கன்னடத்தில் ஏதோ கத்தினான். நிவேதா மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள், சந்தோஷமும் இருந்திருக்கும்.

சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினெட்டில் ஒன்பது கயிற்றைச் சொன்னது. அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, கட்டுக்கு அடியில் வைத்தேன், யார் கையிலும் கொடுக்கவில்லை: "அந்தக் கயிறு ஒன்றுக்காகவே நம்புகிறேன். இதைச் செய்தவர்கள் அந்தப் பெண்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்."

வேலை முடிந்தது

கேக் வெட்டினார்கள். கீழே வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, பொம்மைக்குக் கோட்டு மாட்டி, கயிறு கட்டி, விளக்குப் போட்டு வைத்தார்கள். எல்லம்மாவுக்குப் பண்டிகைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மேலும் உடை வேண்டும் என்றார்கள் வெளிநாட்டுக்காரர்கள். மகிழ்ந்தோம். இருபத்தெட்டாம் நாள் தெரிந்தது, அந்த உடைகளை அவர்கள் ஊரில் இருக்கும் ஆட்களே செய்யப் போகிறார்கள் என்று. முகம் இருக்கிறது, உடம்பு இருக்கிறது, கோட்டின் துண்டுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இனி அங்கே வெட்டவும் தைக்கவும் எதுவும் இல்லை. நிவேதா மேடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னுடையது நாள் கணக்கு வேலை. அதைப் புதுப்பிக்கவோ நிறுத்தவோ யாருக்கும் தோன்றவில்லை, நானே வருவதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசி நாள் அஷ்வின் சார் அறைக்குப் போய் நின்றேன். யாரும் கூப்பிடாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. நிவேதா மேடம் நிபந்தனையில் ஜெயித்தார்களே சார் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மேலே எழுதிப் பார்த்ததாகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோத்திருந்தா இவங்களால முடியலன்னு அனுப்பியிருப்பாங்க மாஸ்டர். இவங்க முழுசா முடிச்சுக் குடுத்திட்டாங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்லி நான் வெச்சிக்கிறது?"

மடித்துப் பையில்

நிவேதா மேடம் ஓசூருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள பிரேசர் டவுனுக்கு வந்தார். மூட்டையாகக் கட்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த மாதிரிக் கோட்டுகளில் ஒன்றைக் கேட்டார். கயிறு வைத்ததில் மீதி இருந்த ஒன்றை எடுத்தார். அம்மாவுக்கா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கயிற்றை அதன் வளையங்களிலிருந்து மெதுவாக உருவினார். கோட்டை மடித்தார், நான் மடிப்பதைவிட நன்றாக மடித்தார். பைக்குள் வைத்து, ஜிப் இழுத்தார். கயிற்றை மட்டும் என் மேசையில் வைத்தார்: "இது நான் கட்டிவிட்டது மாஸ்டர். இது எங்க வீட்டுக்குள்ள வர வேணாம்."

முனியம்மாவின் பதில்

முதலில் அளவெடுத்துத் தைத்த இரண்டில் பிரிக்காத ஒன்று இருந்தது. தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, கை இருபது. உலகத்தில் அது பொருந்துகிற ஆள் ஒருவர்தான். இஸ்திரி போட்டு, ஞாயிற்றுக்கிழமை முனியம்மாவிடம் கொடுத்தேன். அவர் தன் கோட்டைக் கழற்றிச் சுவரில் வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். கையை முன்னால் நீட்டினார், மேலே தூக்கினார், கூடை தூக்குகிற மாதிரி ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தார். எங்கேயும் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிமிஷம் தன்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, என்னிடமே கொடுத்துவிட்டார். நிறம் கருப்பாக இருக்கிறது, எங்கள் பச்சை இது இல்லை என்றார். சாயத்தை நான் மறந்தே போயிருந்தேன். பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, விரலை மூடிய கையை ஒரு உதறு உதறி மேலே ஏற்றிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குது டைலரண்ணா. இதப் போட்டுட்டுப் போனா, யாருடி நீ, எங்க ஆளு மாதிரி இல்லியேன்னு சூப்பர்வைசர் நோட்டுல ஹாஜரி போட மாட்டான்."

தைத்த கோட்டுகள் எட்டு, பிரித்தவை மூன்று, கண்ணாடிப் பெட்டியில் ஒன்று, ஓசூர் போனது ஒன்று. சரியாகத் தைத்ததை யாரும் நம்பாமலும், அச்சாகத் தைத்தது யாருக்கும் தேவைப்படாமலும், காடாத் துணியையும் சேர்த்து என் பீரோவில் மிச்சம் மூன்று.